குப்பி நீரா, ஊறவிட்ட தகடா: ஆற்று மாசை எதில் அளப்பது?

குப்பியில் நீர் மொள்வது மலிவு, வேகம். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, கிளறிய சேறு குப்பிக்குள் வராதபடி எடுக்க வேண்டும். பூச்சிக்கொல்லிக்குப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியும் பனிக்கட்டிப் பெட்டியும் போதும். உலோகத்துக்குப் பிளாஸ்டிக் குப்பி. பிஎச் 2-க்குக் கீழே இறங்கும்வரை நைட்ரிக் அமிலம். கரைந்த உலோகம் மட்டும் தேவையென்றால் அமிலத்துக்கு முன்பே வடிகட்டுங்கள். வரிசை மாறினால் வண்டலில் ஒட்டியிருந்ததும் கரைந்து கணக்கில் ஏறிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஆனால் குப்பி காட்டுவது அந்த ஒரு நொடியை. மழைக்குப்பின் சிற்றோடையில் பூச்சிக்கொல்லி சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். மறுநாள் போனால் ஓடை சுத்தம்!

சிலிக்கோன் தகடு போன்ற உறிஞ்சிகளை இரண்டு முதல் நான்கு வாரம் நீரில் கட்டிவிட்டால் காலச் சராசரி கிடைக்கும். கணக்கு எளிது: தகட்டில் சேர்ந்த மாசின் அளவை, உறிஞ்சும் வேகத்தாலும் (ஒரு நாளில் எத்தனை லிட்டர் நீரின் மாசைத் தகடு எடுக்கிறது என்பது) நாட்களாலும் வகுக்க வேண்டும். 56 நானோகிராம், நாளுக்கு 0.2 லிட்டர், 14 நாள் என்றால் லிட்டருக்கு 20 நானோகிராம்.

சிக்கல் அந்த வேகத்தில். நீரோட்டம் மந்தமானாலோ பாசி படிந்தாலோ அது குறையும். அதனால் தெரிந்த அளவில் குறியீட்டுச் சேர்மங்களைத் தகட்டில் முன்பே ஏற்றி, எவ்வளவு வெளியேறியது என்று பார்த்துத் திருத்துவார்கள். காற்றிலுள்ள மாசையும் தகடு பிடிக்கும். கட்டும்போதும் கழற்றும்போதும் பக்கத்தில், நீரில் இறக்காத ஒரு வெற்றுத் தகட்டைத் திறந்துவையுங்கள்; காற்றிலிருந்து எவ்வளவு சேர்ந்தது என்று அது காட்டும்.

வண்டலோடு போகும் மாசைத் தகடு பிடிக்காது. மொத்த அளவு கேட்டால் குப்பிதான். கழிமுகத்தில் அலையேற்றத்தோடு அளவு மாறுவதால் நான் தகட்டையே தேர்வேன்.