கேலிக் (Gaelic) கால்பந்து இளையோர் போட்டிகள்: தரம் பிரிப்பதில் எங்கே தேறுகிறது, எங்கே சறுக்குகிறது

அயர்லாந்தில் பிள்ளையை ஒரு ஜி.ஏ.ஏ. (கேலிக் கால்பந்து போன்ற ஐரிஷ் விளையாட்டுகளை நடத்தும் சங்கம்) கிளப்பில் சேர்த்தால், கட்டுகிற சந்தாவுக்கு இரண்டு விஷயம் கிடைக்கும்: பயிற்சி, போட்டி. பயிற்சி கிளப் கையில் இருக்கிறது. எந்த டிவிஷன் (அணியின் தரத்துக்கேற்ற பிரிவு), யாரோடு ஆட்டம், எத்தனை ஆட்டம் என்பதையெல்லாம் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்றது) இளையோர் குழு முடிவு செய்கிறது. பயிற்சியாளரைப் பற்றி விசாரிக்கிற பெற்றோர் போட்டி அமைப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஆனால் பிள்ளை அடுத்த வருஷமும் ஆடுமா என்பதைப் பெரும்பாலும் அந்த அமைப்புதான் முடிவு செய்கிறது.

முதலில் நல்லது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான 'கோ கேம்ஸ்' அருமையான ஏற்பாடு. சின்ன மைதானம், சின்னப் பந்து, 15 பேருக்குப் பதில் குறைந்த ஆட்கள், வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் முழு ஆட்டம். புள்ளி அட்டவணை கிடையாது. ஒரு பக்கம் அளவுக்கு மீறி முந்தினால் இரண்டு பயிற்சியாளர்களும் பேசி, இரண்டு பிள்ளைகளை மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். அட்டவணை இல்லாததால்தான் இந்தச் சுதந்திரம். இதிலும் ஒரு குறை உண்டு. மூன்று அணி அனுப்புகிற கிளப், எது வலுவான அணி எது புதியவர்கள் அணி என்று எதிர்க் கிளப்புக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால், வலுவானதோடு புதியது மோதி இரண்டு தரப்புக்கும் அன்றைய காலைப்பொழுது வீணாகிறது. முந்தின நாள் ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டாலே போதும்.

சிக்கல் அதற்கு மேல் வயதில்தான். பெரியவர்கள் ஆட்டத்தில் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று படிகள் இருக்கின்றன. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. அணியில் பாதிக்கு மேல் அதே ஆட்கள் வருஷா வருஷம் ஆடுவதால் அங்கே அது பொருந்துகிறது. இளையோருக்கு அதையே கொண்டுவந்தால் கதை கெட்டது. வயதுக் கணக்கு ஜனவரி 1 அன்று பார்க்கப்படுகிறது. 14 வயதுக்கு உட்பட்டோர் அணி என்றால் பொதுவாக அந்த ஆண்டில் 14 நிறைகிறவர்களும் 13 நிறைகிறவர்களும் கலந்தது. அடுத்த ஆண்டு மூத்த பாதி மேலே போய்விடும். போன வருஷம் முதல் டிவிஷனை வென்றவர்கள் எல்லோரும் அந்த மூத்த பாதியாக இருந்தால், இந்த வருஷம் மிஞ்சியிருப்பது கிளப்பின் பெயர் மட்டும். அந்தப் பெயரை நம்பி முதல் டிவிஷனில் போட்டால் 6-14க்கு 0-2 என்று தோற்பார்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பாயின்ட்; ஒரு கோல் மூன்று பாயின்ட் என்பதால் அது 32க்கு 2.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: தரம் கிளப்புக்கா, பிள்ளைகளுக்கா? இதே பிள்ளைகள் போன ஆண்டு எந்த வயதுப் பிரிவில், எந்த டிவிஷனில், எத்தனை பேராக ஆடினார்கள் என்று பார்க்கிற குழு பாதி வேலையை முடித்துவிட்டது. பழைய அட்டவணையை அப்படியே தூக்கி வைக்கிற குழு வேலையைத் தொடங்கவே இல்லை.

சில இடங்களில் வசந்த காலத்தில் தரம் பார்ப்பதற்கென்றே ஒரு சுற்று நடத்துகிறார்கள். யோசனை சரிதான், ஆனால் நுணுக்கத்தில் கோட்டை விடுகிறார்கள். 12 அணிகள், நான்கு நான்காக மூன்று குழு, ஆளுக்கு மூன்று ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். குழு வெற்றியாளர்கள் மூவரும் முதல் டிவிஷனுக்குப் போகிறார்கள். நான்காவது இடம் சிறந்த இரண்டாமவருக்கு. யார் சிறந்தவர்? பாயின்ட் வித்தியாசம் பார்ப்பார்கள். ஒரு குழுவில் மட்டும் ரொம்ப பலவீனமான அணி ஒன்று இருந்தால், அதை 30 பாயின்ட் வித்தியாசத்தில் அடித்தவருக்கு அந்த இடம் போய்விடும். அவருடைய உண்மையான தரம் இரண்டாம் டிவிஷன். வருஷம் முழுக்க முதல் டிவிஷனில் அடி வாங்குவார். தீர்வு எளிது: ஒப்பிடும்போது கடைசி இடத்து அணியோடு ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிட வேண்டும், ஓர் ஆட்டத்துக்கு 12 பாயின்ட்டுக்கு மேல் வித்தியாசம் கணக்கில் வரக்கூடாது, எதிரணி வராததால் வாக்ஓவராக வெற்றி கிடைத்த ஆட்டத்தையும் சேர்க்கக்கூடாது. வித்தியாசத்துக்கு உச்சவரம்பு வைத்தால் இன்னொரு லாபம், இரண்டாம் பாதியில் நல்ல ஆட்டக்காரர்களை உட்காரவைக்கப் பயிற்சியாளர் தயங்கமாட்டார்.

வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது வேறு வழியிலும் ஏமாற்றும். 4-6க்கு 0-9 என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18க்கு 9, இரட்டிப்பு. ஆனால் பந்து குறியை அடைந்தது ஒரு பக்கம் பத்து முறை, மறுபக்கம் ஒன்பது முறை. நடுக்களத்தில் இரண்டும் சமம். தோற்ற அணியின் கோல்கீப்பர் புதியவர், அல்லது கோல் முன்னே நிற்கிற தடுப்பாட்டக்காரர் வரவில்லை, அவ்வளவுதான். இந்த அணியைக் கீழே இறக்கினால் கீழ் டிவிஷன் கெட்டுப்போகும். மொத்த பாயின்ட்டோடு எத்தனை முறை ஸ்கோர் செய்தார்கள் என்பதையும் பார்க்கிற தரக்குழு அரிது. பார்த்தால் இந்தத் தவறு நேராது.

சுற்று நடக்கிற நேரமும் முக்கியம். மார்ச்சில் மைதானம் சேறு, ரக்பியும் சாக்கரும் ஆடுகிற பிள்ளைகளின் சீசன் இன்னும் முடிந்திருக்காது. அப்போது வரும் அணி மே மாதம் வரப்போகிற அணியே அல்ல. தரக்குழுவுக்கு அனுப்பும் தாளில் 'இன்று வராத வழக்கமான ஆட்டக்காரர்கள்' என்று ஒரு வரி இருந்தால் பிற்பாடு பாதிப் புகார் வராது. ஜூனியர் சர்ட், லீவிங் சர்ட் என்ற பள்ளிப் பொதுத்தேர்வுகள் ஜூனில் வருவதால் மேல் வயதுப் பிரிவுகளுக்கு அந்த இடைவெளியைத் தாண்டித்தான் அட்டவணை போட முடியும். இதைப் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

இரண்டு அணி போடுகிற பெரிய கிளப்களில்தான் தில்லுமுல்லுக்கு இடம் அதிகம். 34 பிள்ளைகள், முதல் அணிக்கு 18, இரண்டாம் அணிக்கு 16. முதல் அணியின் முக்கிய 15 பேரைப் பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் கீழே ஆடக்கூடாது என்பதுதான் வழக்கமான விதி. பட்டியலில் காயம்பட்ட ஒருவரையும் பயிற்சிக்கே வராத ஒருவரையும் சேர்த்துவிட்டால், இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டாம் அணியின் இறுதியாட்டத்துக்குத் தயார். இதைப் பிடிக்கப் பெரிய துப்பறிதல் தேவையில்லை: தரம் பிரித்த பின் நடக்கும் முதல் இரண்டு ஆட்டங்களின் அணித்தாளோடு பட்டியலை ஒப்பிட்டால் போதும். பதிவெல்லாம் ஜி.ஏ.ஏ.வின் இணையப் பதிவுத் தளமான ஃபோரனில் (Foireann) இருக்கும்போது சரிபார்க்காமல் விடுவதற்குச் சாக்கே இல்லை.

நேர்மையான கிளப்புக்கும் தலைவலி உண்டு. முதல் அணிக்கு நான்கு பேர் வரவில்லை என்றால் கீழிருந்து ஆள் எடுப்பார்கள். அதே வார இறுதியில் இரண்டாம் அணிக்கு 15 பேர் தேறமாட்டார்கள், வாக்ஓவர் கொடுப்பார்கள். கீழ் டிவிஷன்களை 13 அல்லது 11 பேர் ஆட்டமாக வைத்து, எந்தப் பக்கம் ஆள் குறைவோ அதற்கு இணையாக எதிர்ப்பக்கமும் குறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தால் ஆட்டம் நடக்கும். வலுவாரியாகப் பிரிக்காமல் இரண்டு சம அணியாகப் பிரிப்பது 12 வயது வரை நல்லது. அதன் பிறகு வேண்டாம். திறமையான பிள்ளைக்குப் பந்து கொடுக்க ஆளிருக்காது, புதிய பிள்ளைக்குப் பந்தே வராது.

பிள்ளை தன் வட்டாரத்துக் கிளப்பில்தான் ஆட வேண்டும் என்ற மரபால், ஊரில் பத்துப் பிள்ளை இருந்தால் பத்துதான். பக்கத்துக் கிளப்போடு கூட்டணி அமைக்க அனுமதி உண்டு, அது நல்ல வழி. ஆனால் கூட்டணிக்குத் தரம் போடும்போது இரண்டு கிளப்பின் பெயரைக் கூட்டிப் பார்த்து மேலே ஏற்றுகிறார்கள். ஆள் போதாமல் சேர்ந்தவர்களை வலுவாகிவிட்டார்கள் என்று எண்ணுவது என்ன கணக்கோ தெரியவில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் முந்தைய டிவிஷனையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் கீழே வைப்பதே சரி.

இந்த அமைப்பின் பெரிய ஓட்டை, தவறைத் திருத்தும் வழி. பத்து அணி டிவிஷனில் ஒருமுறை போட்டுவிட்டால் ஒன்பது ஆட்டத்துக்கு அந்தத் தவறோடுதான் வாழவேண்டும். ஆறு அணி டிவிஷன் என்றால் ஐந்து ஆட்டம். பிறகு மேல் டிவிஷனின் கடைசி அணியையும் கீழ் டிவிஷனின் முதல் அணியையும் இடம் மாற்றி இரண்டாம் சுற்றை நடத்தலாம். லீக்கிலிருந்து தனியான சாம்பியன்ஷிப் போட்டிக்கும் அந்தப் புதிய இடத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் லீக்குக்கு ஒரு தரம், சாம்பியன்ஷிப்புக்கு ஜனவரியில் போட்ட பழைய தரம் என்று இருக்கிறது. அப்படியானால் ஐந்து ஆட்டம் ஆடித் தெரிந்துகொண்டது யாருக்குப் பயன்? மறுதரம் கேட்டு எழுதுகிற கிளப்புக்கு எத்தனை நாளில் பதில், எந்த ஆட்டங்களின் அடிப்படையில் முடிவு என்பதையும் சீசன் தொடங்குமுன் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் முன் கிளப்பின் இளையோர் செயலாளரிடம் இந்தத் தாளைக் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால், போன ஆண்டு அந்த வயது அணி எத்தனை ஆட்டம் ஆடியது, அதில் எத்தனை வாக்ஓவர் என்றாவது கேட்டுவிடுங்கள்.