மிளகாய் விதை: டிஷ்யூவா, மண்ணா?

கோலாலம்பூரில் ஆண்டு முழுக்கச் சுமார் 24 முதல் 33 டிகிரி வெப்பம் இருப்பதால், மிளகாய் முளைக்கத் தனியாகச் சூடு தேவையில்லை. ஈரத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈர டிஷ்யூவில் மடித்து டப்பாவில் மூடி வைத்தால் எது முளைத்தது என்று கண்ணால் பார்க்கலாம். முளைக்க நாளெடுக்கும் சிலி பாடி என்கிற குட்டிக் கார மிளகாய்க்கும் பழைய விதைக்கும் என் ஓட்டு இதற்குத்தான். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததுமே நட்டுவிடுங்கள். விட்டால் டிஷ்யூ இழைக்குள் புகுந்துகொள்ளும், பிரிக்கும்போது நுனி ஒடிந்துவிடும்.

நேரே மண்ணில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாலை மழை பால்கனிக்குள் அடித்தால் மண் சொதசொதவென்று ஆகி, நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். தொட்டி கூரைக்கு அடியில் இருக்கட்டும். பாசாரில் வாங்கிய பழுத்த நீள மிளகாயில் விதை தாராளமாகக் கிடைக்கும், அதற்கு மண்ணே போதும்.