மோர்ட் சாலின் ‘அட் சன்செட்’: வாங்கலாமா, எப்படிக் கேட்பது?

கழுத்தில் வி வடிவ ஸ்வெட்டர், கையில் சுருட்டிய செய்தித்தாள். அமெரிக்க அரசியல் நகைச்சுவையாளர் மோர்ட் சாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதில்தான் தொடங்குவார்கள். அவரது மேடைப் பேச்சைப் பதிந்த ‘அட் சன்செட்’ என்ற இந்த வினைல் தட்டில் அதெல்லாம் இல்லை, வெறும் குரல். அதுவே போதும் என்பதற்கு இது சாட்சி. 1955இல் கலிபோர்னியாவின் கார்மெல் ஊரில், சன்செட் அரங்கில் பதிவானது. விற்பனைக்கு வந்தது 1958இல். ஜாஸ் கலைஞர் எர்ரோல் கார்னரின் பேர்பெற்ற பியானோக் கச்சேரி பதிவானதும் அதே ஆண்டு, அதே அரங்கில். 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

பழைய தட்டு கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். இது மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலி. ஸ்டீரியோ ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான். அது தட்டில் ஒலி பதிந்த பள்ளத்தின் அடிவரை இறங்கி அங்கே படிந்த தூசியையும் சேர்த்து வாசிக்கும். 25 மைக்ரான் மோனோ ஊசி சற்று மேலே நிற்பதால் கரகரப்பு குறையும். ஊசி மாற்ற வழியில்லையென்றால் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். சாலுக்கு இது முக்கியம். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிப் பேசுகிற ஆள். ஜோக் இருப்பதே அந்தச் சொல்லில்தான்.

அடுத்த சிக்கல், யாரைக் கிண்டல் செய்கிறார் என்பது. அப்போது ஐசன்ஹோவர் அதிபர், நிக்சன் துணை அதிபர், டல்லஸ் வெளியுறவு அமைச்சர். கம்யூனிஸ்ட் வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியை 1954 டிசம்பர் 2 அன்று செனட் 67க்கு 22 என்ற வாக்கில் கண்டித்திருந்தது. இவ்வளவு தெரிந்தால் முக்கால்வாசி பிடிபடும். சான் பிரான்சிஸ்கோவின் ‘ஹங்ரி ஐ’ கிளப்பில் சால் 1953 கடைசியில் மேடையேறியபோது மெக்கார்த்தி அதிகாரத்தின் உச்சியில் இருந்தார். அந்தக் காலத்தில் சால் சொன்னது: ஐசன்ஹோவர் ஜாக்கெட் (இடுப்பளவு ராணுவச் சட்டை) மாதிரியே மெக்கார்த்தி ஜாக்கெட்டும் உண்டு, வாயை மூட ஒரு மடிப்பு மட்டும் கூடுதல்.

யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலை விடுதிகளில் தேறிய யூத நகைச்சுவையாளர்களின் மாமியார் ஜோக்கும் கோட்டு சூட்டும் இவரிடம் கிடையாது. ஒரு விஷயத்தைத் தொடங்குவார், நடுவில் விலகுவார், அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார், கைதட்டல் அடங்கும் முன் பழைய இடத்துக்கே வந்து நிற்பார். ரீல்ஸுக்கு வெட்டி எடுக்க வசதிப்படாத ஆள். ஒரு பக்கத்தை முழுசாக ஓடவிடுங்கள். நடுவில் ஊசியைத் தூக்கினால் போச்சு.

இந்தத் தாவல்தான் பின்னால் காணாமல் போனது. 1960 தேர்தலில் கென்னடிக்கு ஜோக் எழுதிக் கொடுத்தார், அவர் ஜெயித்ததும் அவரையே கிண்டல் செய்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 ‘டைம்’ இதழின் அட்டையில் இவர் படம். 1963இல் கென்னடி சுடப்பட்டார். மறு ஆண்டு செப்டம்பரில், அந்தக் கொலையை விசாரித்த வாரன் கமிஷனின் அறிக்கை 888 பக்கங்களில் வந்தது, நவம்பரில் 26 துணைத் தொகுதிகள். சால் அவற்றை மேடையில் வாசித்துக் காட்டத் தொடங்கினார். நியூ ஆர்லியன்ஸ் மாவட்ட வழக்கறிஞர் ஜிம் கேரிசன் அதே கொலை பற்றி நடத்திய விசாரணையில் சம்பளமில்லாமல் வேலை செய்தார். 1968 ஜனவரியில் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கேரிசன் வந்ததற்கும் சால்தான் காரணம். வழக்கு என்ன ஆயிற்று? 1969 மார்ச் 1 அன்று, கொலைச் சதியில் பங்கு என்று கேரிசன் குற்றம் சாட்டிய கிளே ஷாவை, ஒரு மணி நேரத்துக்குள் ஜூரி விடுவித்துவிட்டது.

கமிஷனைக் கேள்வி கேட்டதில் தப்பில்லை. ஒரு தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பலவீனமான வழக்குக்குத் தோள் கொடுத்தது தப்பு. வேலை வாய்ப்புகள் வற்றியதற்கு அரசியலே காரணம் என்பார்கள். அது பாதிதான். செய்தித்தாளில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றி வந்தவர், அறிக்கையை எடுத்ததும் அதைவிட்டு நகரவே இல்லை. ஆதாரம் அடுக்க ஆரம்பித்தால் அடுத்த ஜோக் வர நேரமாகும், மேடை அவ்வளவு நேரம் காத்திருக்காது.

‘அட் சன்செட்’ பிடித்தால் அடுத்து 1961இன் ‘தி நியூ ஃப்ரான்டியர்’ வாங்குங்கள். கென்னடி அதிபராகிவிட்டார், சால் இன்னும் தாவிக்கொண்டிருக்கிறார்.