நாய்க்குட்டியின் பயத்தைப் போக்குகிறோம் என்று 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

இன்று காலையில்தான் எங்கள் பஞ்சுவின் முன்னங்காலில் போட்டிருந்த கட்டை டாக்டர் அவிழ்த்தார். வீட்டுக்கு வந்ததும் தையல் மிஷின் பக்கம்கூடப் போகாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 8,500 ரூபாய் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், வாயில்லாத ஜீவனை நானே கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தேனே, அதுதான் தாங்க முடியவில்லை. சீப்பைப் பார்த்தாலும் டாக்டரைப் பார்த்தாலும் நடுங்குகிற குட்டியை எப்படிப் பழக்குவது என்று டாக்டர் சொன்னதையும் கீழே எழுதுகிறேன். கடைசிவரை படியுங்கள்.

பஞ்சு ஒரு பொமேரியன் குட்டி. எட்டாவது படிக்கும் என் மகள் வைத்த பேர். இப்போது ஐந்தரை மாதம். மூன்றாவது மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப் போன அன்றைக்கு நல்ல கூட்டம். ஸ்டீல் மேஜையில் தூக்கி வைத்ததும் நாலு காலும் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் பெரிய ராஜபாளையம் ஒன்று விடாமல் குரைத்தது. அந்த நேரம் பார்த்து ஊசி. அதோடு சரி. அப்புறம் ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். காதுக்குப் பின்னால் முடி சிக்கு விழுந்து கிடந்தது, சீப்பை எடுத்தால் உதட்டை உதட்டை நக்கும், கொட்டாவி விடும், தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். அது அத்தனையும் பயத்தின் அடையாளம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நகம் வேறு வளர்ந்து தரையில் டக் டக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடுத்த ஊசிக்கும் நாள் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. கிருஷ்ணகிரி டவுனில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடை. 'பயந்த நாய்களுக்குப் பத்து நாள் பயிற்சி, குளியல், நகம் வெட்டுதல், டாக்டரிடம் போவது எல்லாவற்றுக்கும் பயம் போகும்' என்று போட்டிருந்தார்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து பஞ்சுவை ஒரு கூடையில் வைத்து, மகள் பின்னால் பிடித்துக்கொள்ள, ஸ்கூட்டியில் போனோம்.

நான் ஏமாந்த இடத்தை விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஏமாந்திருப்பார்கள். கடையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பஞ்சுவைத் தூக்கப் பாயவில்லை. கண்ணைப் பார்க்கவும் இல்லை. தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, உள்ளங்கையைத் திறந்து தொடைமேல் வைத்துக்கொண்டு, எங்களிடம் பேசிக்கொண்டே இருந்தான். என் புடவைக்குப் பின்னால் ஒளிந்திருந்த குட்டி மெதுவாக எட்டிப் பார்த்தது. இரண்டு அடி வைத்தது, நின்றது, மறுபடி இரண்டு அடி. கடைசியில் அவன் கையை மோந்து பார்த்து விரலை நக்கியது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம்கூடப் போகாத குட்டி! என் மகள் கை தட்டிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாக்கா, இவனுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் பயம்தான். பத்தாவது நாள் நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுக் காட்டறேன். ஆனா ஆறு மாசத்துக்குள்ள சரி பண்ணலன்னா அப்புறம் ஆயுசுக்கும் கடிக்கும்க்கா, பாப்பா வேற இருக்கு" என்றான்.

பத்து நாளுக்கு 9,000. முழுப் பணத்தையும் அப்போதே கட்டி, கடைக்கு ஐந்து ஸ்டார் போட்டால் 500 ரூபாய் குறைப்பு. அங்கேயே நின்று ஐந்து ஸ்டார் போட்டேன், 8,500 ரூபாயை ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல வந்துரும்க்கா" என்றான். இன்றுவரை வரவில்லை. சாதா ப்ளவுஸ் ஒன்றுக்கு நான் 150 ரூபாய் வாங்குகிறேன். 56 ப்ளவுஸ் தைத்தாலும் அந்த 8,500-க்கு நூறு ரூபாய் குறையும்.

கூட இருக்கிறோம் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஓனர் இருந்தா செல்லம் கொஞ்சும்க்கா, பயம் போகாது. காலைல விட்டுட்டு மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போங்க." அவன் விஷயம் தெரிந்தவன் என்று நம்பிவிட்டோமே, தலையாட்டிவிட்டு வந்தோம்.

முதல் இரண்டு நாள் வீடியோ அனுப்பினார்கள். பஞ்சு மேஜைமேல் ஆடாமல் அசையாமல் நிற்கிறது, பையன் சீப்பால் வாருகிறான். பன்னிரண்டு விநாடி. நான் அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மூன்றாம் நாள் கூட்டி வந்தபோது குட்டி நடக்கவே தள்ளாடியது. கண்ணின் உள்ளோரத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு மேலேறிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது. தண்ணீர்ச் சட்டியில் மூக்கை வைத்தபடியே நின்றது, குடிக்கவில்லை. போன் செய்தேன். "நல்லா விளையாடினான்க்கா, களைப்பு" என்றான். அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

நான்காம் நாள் வீட்டில் கரண்ட் போய் மிஷின் நின்றுவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் போய்ப் பார்ப்போம் என்று பதினோரு மணிக்கே கிளம்பினேன். கடை ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். மேஜைக்கு மேலே இருந்த கம்பியில் பஞ்சுவின் கழுத்துச் சுருக்கை மாட்டியிருந்தார்கள். பின்னங்கால் மட்டும்தான் மேஜையில் ஊன்றி இருந்தது. வாயைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டி, முகத்துக்கு நேராக டிரையரை வைத்துவிட்டு, அந்தப் பையனும் கூட இருந்த இன்னொருவனும் ஓரமாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குட்டியின் முதுகு முடியெல்லாம் தோல் தெரிய வழிக்கப்பட்டிருந்தது. முன்னங்காலில் ஒரு நகத்திலிருந்து ரத்தம் சொட்டி, மேஜையில் சின்னதாய்க் குளம் கட்டியிருந்தது. என் குரல் கேட்டும் வாலை ஆட்டவில்லை. அந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். "நகம்னா ரத்தம் வரத்தான்க்கா செய்யும், மஞ்சள் வெச்சா நின்னுரும்" என்றான், அதே பையன். தூக்கிக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு நடந்த இழுத்தடிப்பைக் கேளுங்கள். முதல் நாள், "ஓனர் ஊர்ல இல்லக்கா, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், "அவர் பெங்களூர் போயிருக்கார், மெசேஜ் போடுங்க." மெசேஜ் போட்டால் இரண்டு நீல டிக், பதில் இல்லை. நாலு நாள் போனது போகட்டும், மீதி ஆறு நாள் பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "பேக்கேஜ் பணம் திருப்பித் தர்றதில்ல, போர்டுல போட்டிருக்கோமே." அப்படி ஒரு போர்டே அங்கே கிடையாது. என் கணவர் போன் செய்தார். "சார், உங்க நாய் எங்க பையனக் கடிச்சிருக்கு, அதுக்கு ஊசிச் செலவு யார் தர்றது" என்று திருப்பினார்கள். வாயைக் கட்டி வைத்த குட்டி எப்படிக் கடிக்கும் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். 8,500 ரூபாய். ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. நான் போட்ட ஐந்து ஸ்டாரைப் போய் மாற்றி நடந்ததை எழுதினேன். கீழேயே 'போட்டிக் கடைக்காரர்கள் வேலை' என்று பதில் போட்டிருக்கிறார்கள்.

டாக்டர் சொன்னதற்கு வருகிறேன். வீடியோவைக் காட்டினேன். "இது அடங்கி நிக்கலம்மா, பயத்துல உறைஞ்சு நிக்குது" என்றார். வால் வயிற்றோடு ஒட்டியிருப்பதையும், காது பின்னால் மடங்கியிருப்பதையும் காட்டினார். மூன்றாம் நாள் தள்ளாட்டத்தையும் கண்ணில் ஏறிய சவ்வையும் சொன்னதும் முகம் மாறிவிட்டது. தூக்க மருந்து கொடுத்திருக்கலாம், இத்தனை நேரம் ஆன பிறகு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சில மருந்துகளில் உடம்புதான் தளரும், பயம் குறையாது. ஓட முடியாமல், கடிக்க முடியாமல், பயத்தோடு அப்படியே கிடக்கும், அடுத்த தடவை பயம் இரண்டு பங்காகும் என்றார். எனக்கு நெஞ்சை அடைத்தது. பொமேரியனுக்கு இருப்பது இரண்டு அடுக்கு முடி, வெயிலையும் அதுதான் தடுக்கும், வழித்தால் திட்டுத் திட்டாக வளரலாம் என்றும் சொன்னார். ஆறு மாதக் கெடு என்பது பொய். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரைக்கும் புதுசு எதற்கும் குட்டி சுலபமாகப் பழகும், அது உண்மை. அதற்கப்புறம் நாளாகும், ஆனால் பழகும்.

அந்த டாக்டருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்றைக்கு எங்களை உள்ளே கூப்பிடவே இல்லை. அவரே வெளியே புங்கமரத்தடிக்கு வந்து, என் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்தார். பஞ்சு என் மடியில், தலை என் முழங்கை மடிப்புக்குள். ஐந்து நிமிஷம் சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு, நான் அவித்த முட்டையைப் பிட்டுப் பிட்டு ஊட்ட ஊட்ட, கட்டை அவிழ்த்தார். ஊசியை அடுத்த வாரம் பார்ப்போம், அதுவரை இரண்டு நாளுக்கு ஒரு தடவை சும்மா வந்து இந்த மரத்தடியில் உட்கார்ந்து முட்டை கொடுத்துவிட்டுப் போங்கள், யாரும் தொட மாட்டோம் என்றார். அதற்குக் காசு கேட்கவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன். ஆடி 18-க்குக் கொடுக்க வேண்டிய ப்ளவுஸ் பதினொன்று வெட்டாமல் கிடக்கிறது, வாசலில் ஆள் வந்து நிற்கிறார்கள். அதனால் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உங்களை வெளியே நிற்கச் சொல்லும் கடையில் குட்டியை விடாதீர்கள். முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள், பில் கையில் வராமல் பைசா கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவர் எழுதித் தராத மாத்திரை, ஊசி எதையும் யாரும் கொடுக்க விடாதீர்கள். நகத்துக்குள் ரத்தக்குழாய் உண்டு, கறுப்பு நகத்தில் அது தெரியாது, நுனியை மட்டும் துளித் துளியாக வெட்ட வேண்டும். சீப்பை முதலில் காட்டுவது, முட்டை கொடுப்பது, அவ்வளவுதான் ஒரு நாள் வேலை. தொடுவது அடுத்த நாள். குட்டி தலையைத் திருப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேஜையில் ஏற்றினால் வழுக்காமல் ஒரு சாக்கு விரியுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். ஜிபே ரசீது, வீடியோ, மெசேஜ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லையாம், அங்கேயும் போகப் போகிறேன். இதே மாதிரி அந்தக் கடையில் உங்கள் குட்டிக்கும் நடந்திருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம். பஞ்சு இப்போது என் மிஷினுக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைமேல் படுத்திருக்கிறது. கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறது, அதனால் துணி வெட்டுவதை மட்டும் மாடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.