ஒரே பி450 மதர்போர்டில் இரண்டு தலைமுறை ரைசன்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் பிராசசரை முதலில் முடிவுசெய்துவிட்டு, மிச்சமிருக்கும் பணத்துக்கு ஒரு மதர்போர்டைத் தேடுகிறார்கள். 2019 கடைசியில் நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். பிராசசரில் சிக்கனம் பிடித்து, போர்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தேன். அந்த எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மேக்ஸ் இன்றும் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் அதில் இருந்தது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர். 2024-இல் அதைக் கழற்றிவிட்டு ரைசன் 7 5700எக்ஸ்3டி போட்டேன். நடுவில் கிராபிக்ஸ் கார்டும் மாறியது, 1660 சூப்பர் போய் 3060 டிஐ வந்தது. ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட் எல்லாம் பழையவைதான்.

ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டில் ரைசன் 1000 வரிசை முதல் 5000 வரிசை வரை எதை வைத்தாலும் அழகாக உட்காரும். உட்கார்ந்தால் போதாது, போர்டின் பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) அந்த பிராசசரை அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது. பி450 சிப்செட் (போர்டின் மற்ற பாகங்களை இணைக்கும் சிப்) 2018-இல் வந்தது, ரைசன் 3000 வரிசை 2019 ஜூலையில் வந்தது. அதனால் கடைகளில் தேங்கியிருந்த பழைய பி450 போர்டுகளில் 3600-ஐ வைத்தவர்கள் பலர் கறுப்புத் திரையைப் பார்த்தார்கள். அட்டைப்பெட்டியில் ‘ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி’ என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அப்போது வழக்கமானது இதனால்தான். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் “எல்லாம் அப்டேட் ஆகித்தான் சார் வருது” என்று சொல்வார்கள். சொல்லட்டும், ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள்.

நான் ‘மேக்ஸ்’ என்று முடியும் மாடலைத் தேடிப் பிடித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்தக் காலத்து ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகப் புரோகிராம் கோடு சேரச் சேர அந்த இடம் போதவில்லை. சில போர்டுகளில் அழகான பயாஸ் திரையை எடுத்துவிட்டு எளிய திரையை வைத்தார்கள், சிலவற்றில் பழைய பிராசசர்களுக்கான ஆதரவையே கழற்றினார்கள். மேக்ஸ் மாடல்களில் 32 எம்பி சிப். விளம்பரத்தில் ஆர்ஜிபி லைட்டுக்குக் கிடைத்த இடம் இந்த ஒரு வரிக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்த போர்டின் முதல் சிறப்பே இதுதான்.

2020 மே மாதம் ஏஎம்டி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது: அடுத்து வரும் ரைசன் 5000 வரிசைக்கு 400 வரிசை சிப்செட்டுகளில் ஆதரவு கிடையாது என்றார்கள். பயனர்கள் கொதித்தார்கள். அதே மாதத்துக்குள் முடிவை மாற்றிக்கொண்டு, பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கும் வழி செய்வதாக அறிவித்தார்கள். அந்த முடிவு மாறியிருக்காவிட்டால் நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது வேறு கதை.

சரி, மாற்றிய அன்று நடந்ததைச் சொல்கிறேன். இதில்தான் பலருக்குக் கை நடுங்கும்.

முதல் வேலை, பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்வது. பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, போர்டு நிறுவனத்தின் தளத்தில் ‘சிபியு சப்போர்ட்’ பட்டியலில் புதிய பிராசசருக்கு நேரே எந்த பயாஸ் பதிப்பு என்று பார்த்து, அதையோ அதற்குப் பிந்தியதையோ இறக்கிக்கொள்ள வேண்டும். பாதியில் கரண்ட் போனால் வம்பு, அதனால் யுபிஎஸ் கட்டாயம். பழைய பிராசசர் கையில் இல்லாதவர்களுக்கு இந்த போர்டின் பின்பக்கத்தில் ‘ஃபிளாஷ் பயாஸ்’ பட்டன் இருக்கிறது. ஃபைலுக்கு ‘MSI.ROM’ என்று பெயர் மாற்றி, குறியிட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகி அழுத்தினால் பிராசசரே இல்லாமல் வேலை முடிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் போர்டு வாங்குகிறவர்கள் இந்த பட்டன் உள்ளதை வாங்கினால் நிம்மதி.

அப்டேட் முடிந்ததும் பயாஸ் செட்டிங் எல்லாம் பழையபடி ஆகிவிடும். என் 3200 வேக ரேம் 2133-க்கு இறங்கியிருந்தது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை மறுபடி ஆன் செய்ய வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அதை ஆன் செய்யாமலே விளையாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கூலர். ஏஎம்4 பிராசசர்களில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின் வளைந்தால் தீர்ந்தது. எனவே கொஞ்ச நேரம் கேம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்துப் பிளக்கைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித்திருகித்தான் எடுத்தேன். 3600-உடன் வந்த சின்னக் கூலரை மாட்ட, போர்டில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு நேராக ஸ்க்ரூ போட வேண்டும். 5700எக்ஸ்3டி-யுடன் கூலர் வராது. புதிதாக வாங்கும் கூலர் பலவற்றுக்கு அதே கொக்கிகள் தேவை. அவை அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக இருந்தன. ஸ்க்ரூவை எடுத்ததும் போர்டுக்குப் பின்னால் உள்ள உலோகத் தகடு விழுந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டே மாட்ட வேண்டும்.

முதல் தடவை ஆன் செய்ததும், புதிய சிபியு வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்-ஐ (பிராசசருக்குள் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி) ரீசெட் செய்யவா என்று திரையில் கேட்டது. சம்மதம் சொல்லும் ஒய் (Y) கீயை அழுத்துவதற்கு முன், விண்டோஸில் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்பது தெரிந்திருக்க வேண்டும். ரெகவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் டிரைவ் பூட்டியது பூட்டியதுதான். அதற்காக டிபிஎம்-ஐயே அணைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், வேலொரன்ட் கேம் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கிறது.

பலன் என்ன? 3600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருந்தாலும் அது 16, 16 என இரண்டாகப் பிரிந்தது. 5700எக்ஸ்3டி-யில் 96 எம்பி, எட்டு கோர்களுக்கும் பொதுவாக. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) ஏறியதைவிட, கூட்டமான இடங்களில் படக்கென்று தடுக்குவது போனதுதான் எனக்குப் பெரிது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் புகைக்கு நடுவே சண்டை நடக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. கிராபிக்ஸ் கார்டே முட்டிநிற்கும் கேம்களில் மாற்றம் ஒன்றும் இல்லை. 1440பி-யில் அல்ட்ரா செட்டிங்கில் ஓட்டுகிறவர்கள் இதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் பிராசசர் சூடாகத்தான் செய்கிறது, ஆனால் வேகம் குறையும் அளவுக்குப் போகவில்லை. பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியின் மேல் ஒழுங்கான ஹீட்சிங்க் இருப்பது இங்கே உதவுகிறது. அது இல்லாத மலிவான போர்டுகளில் எட்டு கோர் பிராசசர் போட நான் யோசிப்பேன்.

குறை என்றால் பிசிஐஇ 3.0, அதாவது கிராபிக்ஸ் கார்டு போர்டோடு பேசும் வழி இதில் பழைய பதிப்பு. என் 3060 டிஐ 16 லேனில் (டேட்டா பாதையில்) ஓடுவதால் கவலையில்லை. நான்கு லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டை இதில் போட்டால் நன்றாகவே அடிவாங்கும்.

இன்டெல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சாக்கெட் பெயரை நம்பி வாங்கவே கூடாது. 1151 சாக்கெட்டில் 7-ஆம் தலைமுறைக்கான போர்டு 8-ஆம் தலைமுறையை ஏற்காது. 1200 சாக்கெட் உள்ள பி460-இல் 11-ஆம் தலைமுறை ஓடாது. 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 ரேமுக்கான போர்டு வேறு, டிடிஆர்5 ரேமுக்கான போர்டு வேறு. 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசசர்களை செகண்ட் ஹேண்டில் எடுத்தால், 2024 ஆகஸ்டுக்குப் பிந்திய பயாஸ் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதிக வோல்டேஜால் அவை கெட்டுப்போகும் பிரச்சினைக்கு இன்டெல் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது அப்போதுதான். அப்புறம், எஃப் என்று முடியும் மாடல்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை போர்டில் செருகிவிட்டு ‘டிஸ்பிளே வரலை’ என்று கடைக்கு ஓட வேண்டாம்.

இன்று புதிதாக அசெம்பிள் செய்வதென்றால் நான் ஏஎம்5-இல் ஒரு பி650 அல்லது பி850 போர்டை எடுப்பேன், பிராசசரைச் சின்னதாகவே வைப்பேன். அந்த சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 மட்டும்தான் வேலை செய்யும், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் பலருக்குக் கணக்கு உதைக்கும். பழைய ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் வீட்டில் வைத்திருப்பவர்கள், அந்த ‘சிபியு சப்போர்ட்’ பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.