ஃபங்ஷனல், ரியாக்டிவ் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வெப் டெவலப்மென்ட்டுக்கு ஃபங்ஷனல் (உள்ளே வந்த டேட்டாவை மாற்றாத ஃபங்ஷன்களைக் கோர்த்து எழுதுவது), ரியாக்டிவ் (வந்துகொண்டே இருக்கும் நிகழ்வுகளுக்கு ஏற்ப ஓடும்படி எழுதுவது) புரோகிராமிங் சொல்லித்தருகிறோம் என்ற ஒரு ஆன்லைன் கோர்ஸில் பணத்தைக் கட்டி நன்றாக ஏமாந்திருக்கிறேன். பெயர் போடப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்று மட்டும் விவரமாக எழுதுகிறேன், இதே மாதிரி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் தெரிந்துகொள்வீர்கள்.

விளம்பரத்தில் சொன்னது நேரலை வகுப்பு, சந்தேகம் கேட்க ஒரு மென்டர், கடைசியில் ஒரு முழு புராஜெக்ட். கிடைத்தது எப்போதோ எடுத்துவைத்த வீடியோக்கள். முதல் பகுதி முழுக்க அர்ரேயை, அதாவது பட்டியலைக் கையாளும் மேப், ஃபில்டர், ரெட்யூஸ்தான். இதெல்லாம் 2009இல் இஎஸ்5 என்ற பதிப்பு வந்தபோதே ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் வந்துவிட்டவை, இலவசமாகவே எங்கும் படிக்கலாம். சரி, அடிப்படைதானே என்று பொறுத்துக்கொண்டால், பியூர் ஃபங்ஷன் (வெளியே எதையும் மாற்றாமல் விடை மட்டும் தருவது) பாடத்திலேயே உள்ளே வந்த அர்ரேயை நேராக சார்ட் செய்து, அதாவது வரிசைப்படுத்தி, திருப்பித் தருகிற ஒரு ஃபங்ஷனை எழுதிக் காட்டி, "பாருங்க, இதுதான் பியூர்" என்கிறார் பாடம் எடுப்பவர்! சார்ட் மூல அர்ரேயையே மாற்றிவிடும், அதனால் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்ட இடத்தில் இருக்கும் பட்டியலும் சேர்ந்தே கலையும். ஸ்ப்ரெட் போட்டு ஒரு நகல் எடுத்துவிட்டு சார்ட் செய்திருக்கலாம், இல்லாவிட்டால் இஎஸ்2023இல் வந்த, வரிசைப்படுத்திய நகலையே தரும் டூசார்ட்டட் இருக்கிறது. இரண்டைப் பற்றியும் பேச்சே இல்லை.

ரியாக்டிவ் பகுதிதான் கொடுமை. ரியாக்டிவாக எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் 5ஆம் வெர்ஷன் காலத்து வீடியோ, புள்ளி வைத்து வைத்து ஆபரேட்டர்களை (வரும் டேட்டாவை மாற்றித் தரும் ஃபங்ஷன்களை) கோர்த்துக்கொண்டே போகிறார். 2018இல் 6 வந்தபோதே அந்தப் பாணி போய், எல்லாவற்றையும் பைப் என்ற ஃபங்ஷனுக்குள் எழுதுவது என்றாகிவிட்டது. இன்று புதிதாக இன்ஸ்டால் செய்து அவர் அடிப்பதை அப்படியே அடித்தால் 'மேப் இஸ் நாட் எ ஃபங்ஷன்' என்று வந்து நிற்கும். மென்டரைக் கேட்டேன், பழைய வெர்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அப்புறம் பாடத்தில் அவர் கட்டிக் காட்டும் தேடல் பெட்டி. ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வருக்கு ஒரு ரிக்வெஸ்ட் போகிறது, அதை, எல்லா ரிக்வெஸ்ட்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடும் மெர்ஜ்மேப்பில் கட்டியிருக்கிறார். முதலில் 'த' என்று அடித்ததற்கான பதில் தாமதமாகி, 'தமிழ்' என்று அடித்ததற்கான பதிலுக்குப் பிறகு வந்தால், பெட்டியில் இருப்பது ஒன்று, கீழே தெரியும் முடிவுகள் வேறொன்று. இங்கே வேண்டியது ஸ்விட்ச்மேப், புதியது வந்ததும் பழையதைக் கைவிட்டுவிடும். கூடவே, அடிப்பது சற்று நிற்கும்வரை காத்திருக்கும் டிபவுன்ஸ்டைம் போட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓடவும் வேண்டியதில்லை. இதைக் கேட்டதற்கு, "உங்க நெட் ஸ்லோவா இருக்கும்" என்று பதில். நெட் ஸ்லோவாக இருந்தாலும் சரியாக ஓட வேண்டும் என்பதற்குத்தானய்யா இந்த ஆபரேட்டர்களே!

அதே வீடியோவில் ஒரு இடத்தில் ரிக்வெஸ்ட் ஒன்று தோற்கிறது, அதன்பின் என்ன அடித்தாலும் பெட்டி அசையவில்லை. அவர் வாயே திறக்காமல் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். காரணம் இதுதான்: பிழையைப் பிடிக்கும் கேட்ச் ஆபரேட்டரை வெளிச் சங்கிலியின் கடைசியில் வைத்திருக்கிறார், அதனால் ஒரு பிழை வந்ததும் தேடல் ஸ்ட்ரீமே (அடிப்பவை வந்துகொண்டே இருக்கும் ஓட்டமே) முடிந்துபோகிறது. உள்ளே, அந்த ஒரு ரிக்வெஸ்ட்டின் சங்கிலியிலேயே வைத்திருந்தால் அந்த ஒன்று மட்டும்தான் தோற்கும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் பணம் கட்டியதே, அதை நானே இரவெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் உண்மையான தந்திரம் புரிந்தது. சேர்ந்த 7 நாளுக்குள் கேட்டால்தான் ரீஃபண்ட். ஆனால் பாடங்கள் வாரத்துக்கு ஒரு பகுதியாகத்தான் திறக்கும், ரியாக்டிவ் பகுதி திறக்கும்போது அந்த 7 நாள் எப்போதோ முடிந்திருக்கும். நான் விடாமல் கேட்கவும், வேண்டுமானால் சர்டிபிகேட்டை இப்போதே அனுப்புகிறோம் என்றார்கள். பாதிகூடப் பார்க்காதவருக்கு சர்டிபிகேட்!

பணம் கட்டுவதற்கு முன்னால் அறிமுக வீடியோவை நம்பாமல் நடுவிலிருந்து ஏதாவது ஒரு பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள், புராஜெக்ட்டின் பேக்கேஜ் ஃபைலில் ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் எந்த வெர்ஷன் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்விட்ச்மேப், மெர்ஜ்மேப், கான்கேட்மேப் (ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை ஓட்டுவது), எக்ஸாஸ்ட்மேப் நாலையும் எங்கெங்கே போடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சப்மிட் பட்டனை ஒருவர் இரண்டு முறை அழுத்தினால் இரண்டாவதை விட்டுவிட எக்ஸாஸ்ட்மேப் என்று சொல்லத் தெரியாதவர் பாடம் எடுக்கிறார் என்றால் விலகிவிடுங்கள். ரீஃபண்ட் நாளையும் பாடம் திறக்கும் நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மறக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், நான் புகார் கொடுத்த பிறகு அதில் 'நேரலை' என்ற வார்த்தை காணாமல் போயிருக்கிறது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்பியூட் (அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடலாம். நான் போட்டிருக்கிறேன், விசாரணையில் இருக்கிறது.