அழுதாரா, அழுதுகொண்டிருந்தாரா? பிரெஞ்சில் கதை சொல்ல எந்த இறந்தகாலம்

என்னிடம் பிரெஞ்சு படிக்கும் இளைஞர் ஒருவர், மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிக் கட்டுரை எழுதி வந்தார். நடுவில் ஒரு வாக்கியம்: 'நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அழுதார்.' அழுததைப் பஸ்ஸே கொம்போஸேயில், அதாவது முடிந்த செயலைத் துணைவினையோடு சொல்லும் இறந்தகாலத்தில், 'ஆ ப்ளரே' என்று எழுதியிருந்தார். இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் மகனைப் பார்த்த பிறகுதான் தாய்க்கு அழுகை வந்தது என்றே பிரெஞ்சு வாசகர் புரிந்துகொள்வார். அப்படித்தான் நடந்ததா என்று கேட்டேன். இல்லை, அவர் போவதற்கு வெகு நேரம் முன்பிருந்தே அம்மா அழுதுகொண்டிருந்தாராம். அப்படியானால் அந்த 'ஆ' வேண்டாம். வெறும் 'ப்ளரே' போதும். அது ஏம்பர்ஃபே, அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலம். காதுக்கு ஏறக்குறைய ஓர் எழுத்துதான் வித்தியாசம். கதையிலோ அந்த அழுகையின் காரணமே மாறிவிடுகிறது.

பஸ்ஸே கொம்போஸே, முடிந்த செயலையே துணைவினை இல்லாமல் சொல்லும் பஸ்ஸே சேம்ப்ள், ஏம்பர்ஃபே மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி 'இதில் எது?' என்று கேட்பதால்தான் நம்மவர்கள் திணறுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். உண்மையில் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. கொம்போஸேயா சேம்ப்ளா என்பதை, கதையைத் தொடங்குமுன் ஒரே ஒரு முறை முடிவு செய்ய வேண்டும். அப்படித் தேர்ந்த காலத்துக்கும் ஏம்பர்ஃபேக்கும் இடையிலான தேர்வு மட்டும் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் வந்து நிற்கும்.

முதல் முடிவைப் பார்ப்போம். கொம்போஸேக்கு அந்த 'ஆ' போன்ற துணைவினை உண்டு, சேம்ப்ளுக்கு இல்லை. இந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, கொம்போஸே என்றால் 'வந்திருக்கிறான்', சேம்ப்ள் என்றால் 'வந்தான்' என்று நாம் மனத்தில் பொருத்திக்கொள்கிறோம். ஒரு காலத்தில் அது ஓரளவு சரியாகவே இருந்தது. 1637இல் பியேர் கோர்னேயின் 'லெ சித்' நாடகம் மேடையேறியபோது, பிரெஞ்சு மொழிக்கான அமைப்பான பிரெஞ்சு அகாதெமி அதன் வரிகளை அலசியது. சற்று முன்பு தான் இழைத்த அவமதிப்பைப் பற்றிப் பேசும் பாத்திரம் சேம்ப்ளில் பேசுகிறது. இடையில் ஓர் இரவுகூடக் கழியவில்லையே, கொம்போஸே அல்லவா வர வேண்டும் என்பது அகாதெமியின் ஆட்சேபம். பிற்பாடு கோர்னே அந்த வரியையே மாற்றி எழுதினார். இன்றைய நிலை வேறு. பேச்சில் சேம்ப்ளின் இடம் முழுவதையும் கொம்போஸே பிடித்துக்கொண்டது. காலையில் வந்தவரும் கொம்போஸேயில்தான் வருகிறார், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவரும் கொம்போஸேயில்தான் வருகிறார்.

எனவே இப்போது இவ்விரண்டையும் பிரிப்பது எவ்வளவு காலம் ஆனது என்ற கணக்கு இல்லை. கதைசொல்லி எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி. கொம்போஸேயில் சொன்னால் அவர் நம் எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். சேம்ப்ளில் சொன்னால் அவர் திரைக்குப் பின்னால் போய்விடுகிறார். நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நடக்கின்றன. நம் பாட்டிமார் 'ஒரு நாள் ராஜா வேட்டைக்குப் போனாராம்' என்பார்களே, அந்த 'ஆம்' காதில் விழுந்ததும் குழந்தை கதைக்குள் போய்விடுகிறதல்லவா? பிரெஞ்சுக் குழந்தைக்கு அந்தக் கதவைத் திறப்பது சேம்ப்ள். சேம்ப்ளில் 'பிறர் சொல்லக் கேட்டது' என்ற பொருள் கிடையாது என்பதால் இந்த ஒப்புமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

நாவலுக்குச் சேம்ப்ள்தான் என்றிருந்த வழக்கத்தை 1942இல் ஆல்பெர் காம்யு உடைத்தார். வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் தமிழர்கள் படித்த 'அந்நியன்' பிரெஞ்சில் பெரும்பாலும் கொம்போஸேயில் நகர்கிறது. அதன் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று தத்துவவாதி சார்த்ர் அடுத்த ஆண்டே எழுதினார். சேம்ப்ளில் ஒரு வினை அடுத்ததைக் கைப்பிடித்து இழுத்துப்போகும். கொம்போஸேயில் ஒவ்வொன்றும் தனியே முடிந்து நிற்கும். இந்த வேறுபாட்டை உணர அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தன் அனுபவத்தை எழுதும் மாணவருக்கு நான் தயங்காமல் கொம்போஸேயையே சொல்வேன். 'நாங்கள் சாப்பிட்டோம்' என்பதைச் சேம்ப்ளில் 'நூ மான்ஜாம்' என்றால், அது பழைய புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போல ஒலிக்கும். 'நான்' என்று வரும்போது இன்னொரு தொல்லை. பேசினேன் என்ற சேம்ப்ளும் பேசிக்கொண்டிருந்தேன் என்ற ஏம்பர்ஃபேயும் பல பிரெஞ்சுக்காரர் வாயில் ஒரேபோல 'பர்லே' என்றுதான் வருகின்றன. எழுத்தில் ஓர் 's' மட்டுமே வேறுபாடு. அரசன், நரி, துப்பறிவாளர் என்று படர்க்கையில் கதை சொன்னால் சேம்ப்ள் இன்றும் அழகு. எதை எடுத்தாலும் கதை நடுவில் மாற்றாதீர்கள்.

இனி ஏம்பர்ஃபே. இதற்கான சாவி நம் தமிழிலேயே இருக்கிறது, யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. 'அந்தக் காலத்தில் அப்பா ஐந்து மணிக்கே எழுவார், கிணற்றடியில் குளிப்பார், வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்' என்கிறோம். நடந்து முடிந்த வாழ்க்கையை எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். இப்படி எழுவார், குளிப்பார் என்று பழக்கத்தைச் சொல்லும் இடமெல்லாம் பிரெஞ்சில் ஏம்பர்ஃபே. 'தெரியும்' என்பதையும் பாருங்கள். 'அது எனக்கு அப்போதே தெரியும்' என்றால் ஏம்பர்ஃபே, 'ஜெ சவே'. 'நேற்றுத்தான் தெரியவந்தது' என்றால் கொம்போஸே, 'ஜே சுய்'. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிப்பவர்கள் இங்கே இடறுகிறார்கள். தமிழ் வழியாகப் போனால் பாதை நேராக இருக்கிறது. தமிழ் கைவிடும் இடம் 'அழுதார்', 'காத்திருந்தாள்', 'பசித்தது' போன்றவைதான். நம் இறந்தகாலம் நிலையையும் நிகழ்வையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. அங்கே 'அந்த நேரத்தில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததா, அல்லது அப்போதுதான் நடந்ததா?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீண்ட செயலுக்கு ஏம்பர்ஃபே, குறுகிய செயலுக்கு மற்றது என்ற விதியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் ஆண்டார். 'அவர் 72 ஆண்டுகள் ஆண்டார்' என்பது சேம்ப்ளில் 'ரேஞா' என்றுதான் வரும், ஏனென்றால் தொடக்கமும் முடிவும் சேர்ந்து ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டது. ஒரு நொடி மணியோசையோ, அது ஒலிக்கும் நடுவில் நாம் நுழைந்தால், ஏம்பர்ஃபே.

ஒரு ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்துகொண்டிருந்தது, கடிகாரத்தின் கீழே ஒரு பெண் காத்திருந்தாள்: 'ப்ளவே', 'அத்தாந்தே', இரண்டும் ஏம்பர்ஃபே. பையைத் திறந்தாள், கடிதத்தை எடுத்தாள், கிழித்தாள்: 'ஊவ்ரி', 'சொர்த்தி', 'தேஷிரா', மூன்றும் சேம்ப்ள். இப்போது 'ஊவ்ரி'யை மட்டும் 'ஊவ்ரே' என்று ஏம்பர்ஃபே ஆக்கிப் பாருங்கள். அவள் கை பையின் மேல் நின்றுவிடுகிறது; யாரோ வரப்போகிறார்கள் என்று வாசகர் நிமிர்கிறார். 'ப்ளவே'யை 'ப்ளுய்' என்று சேம்ப்ள் ஆக்கினால், மழை பெய்து ஓய்ந்துவிடுகிறது. அவள் உலர்ந்த நடைமேடையில் நிற்கிறாள்.

பிரெஞ்சுப் பத்திரிகைகள் '1885 மே 22 அன்று விக்டர் ஹ்யூகோ இறந்தார்' போன்ற முடிந்த நிகழ்வைக்கூட ஏம்பர்ஃபேயில் எழுதுவதுண்டு. அது நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்திக் காட்டும் உத்தி. கை பழகும் வரை அதைப் படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு நிகழ்வுக்கு முன்பே முடிந்துவிட்டதைச் சொல்லும் ப்ளூஸ்-கெ-பர்ஃபே நமக்குச் சிரமமே இல்லை: 'நான் போவதற்குள் ரயில் கிளம்பியிருந்தது' என்பதில் உள்ள 'இருந்தது'தான் அது.

அந்த இளைஞர் 'ஆ'வை அடித்துவிட்டு வாக்கியத்தை ஒரு முறை உரக்கப் படித்தார். பிறகு நான் கேட்காமலே கீழே இன்னொரு வரி எழுதினார்: 'என்னைப் பார்த்ததும் கண்களைத் துடைத்துக்கொண்டார்.' அதைக் கொம்போஸேயில் எழுதியிருந்தார்.